சீனிமுகம்மது காக்காவின் போத்தல்

மருதமுனை
12.02.1957

அன்புள்ள இமக்குலேற்றுக்கு,

நத்தார் பண்டிகை லீவுக்கு வந்து எங்கள் எல்லோருடைய கையிலும் ஊசி குத்திவிட்டுப் போனவள் ஏழு கிழமையாக ஒரு வரி எழுதவில்லை. வாப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கையை நீட்டி, தன் இரத்தம் கொழும்பில் இருக்கிறது என்று பெருமையடிக்கிறார். எழுபத்திரண்டு வயதில் கிடைத்த புதுப் பெருமை. கெடுப்பானேன் என்று நானும் பேசாமல் இருக்கிறேன்.

நீ கேட்ட குடும்ப விபரத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வாப்பா, மௌத்தாகிவிட்ட உம்மா, பிள்ளைகள் நாங்கள் மூவர். மூத்தவர் சீனிமுகம்மது காக்கா, அடுத்தது நான், கடைசி தங்கை ஸகியா. பிறகு எங்கள் பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே குடியையும் எழுதிவிட்டேன். நீ கேட்கவில்லைதான். தாயின் குடிதானே, தாயின் வம்சம்தானே, எங்களில் பிள்ளைக்கு. குடியில்லாமல் ஒருவரை எழுதினால் அந்த ஆளை அரைகுறையாக எழுதியதுபோல இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் உன் பக்கத்து வாங்கிலிருந்து எழுப்பி வீட்டுக்குள் இருத்தப்பட்டவளின் கையெழுத்து இது, சகித்துக்கொள்.

என் மகன்மாரைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னாய். உட்கார்ந்து மூன்று தரம் எழும்பிப் போனேன். மூத்தவன் நாலு வயதில் போனான், இளையவன் ஆறு வயதில். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். பல் முளைக்கும் காலத்தில் வெளிறத் தொடங்கினார்கள். வயிற்றின் இடப்பக்கம் வீங்கிக் கெட்டியானது. மலேரியா என்று கொயினா கொடுத்தார்கள், ஓதி நூல் கட்டினார்கள். இளையவன் கடைசி மாதம் நடக்க ஏலாமல், தறிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்து தன் வாப்பா நெய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என் கேள்வி ஒன்றுதான். அதற்காகத்தான் உன் ஊசிக்குக் கை நீட்டினோம். சுல்பிகாவுக்குப் பதினெட்டாகிறது. காக்காவின் மகன் மசூருக்குத்தான் அவள் என்று தொட்டிலிலேயே பேசி வைத்தது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் காவின் எழுதிக் கலியாணத்தை முடிப்போம் என்று காக்கா நெருக்குகிறார். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் என் மகன்மாரைப்போலப் போய்விடுமா? ஓம் என்றால் ஓம் என்று சொல், கொடுக்காமல் விடுகிறேன். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது கால் கழுவிவிட ஒரு தம்பிகூட இல்லாமல்தான் அவள் கலியாணம் நடக்கப் போகிறது. நான் பார்த்த மையத்துகளை அவளும் பார்க்க வேண்டாம்.

உன்
றுகையா

கொழும்பு
04.03.1957

அன்பின் றுகையா,

தாமதத்துக்குத் திட்டு, ஆனால் காரணத்தையும் கேள். எங்கள் ஆய்வுகூடத்து டொக்டர் செபரட்ணம் உங்கள் இரத்தத்தை மூன்று முறை திருப்பிப் பார்க்கச் சொன்னார். அவர் வீணாகத் திருப்பச் சொல்கிறவர் அல்ல.

நாங்கள் செய்வது இதுதான். ஒரு துளி இரத்தத்தை வடிதாள் கீற்றில் வைத்து, கரைசலில் நனைத்து, மின்சாரம் விடுவோம். இரத்தத்தின் சிவப்புச் சத்து தாளில் மெல்ல நகரும். எல்லோருடையதும் ஏறக்குறைய ஒரே தூரம் போகும். சிலருடைய சிவப்பு வேறு வகை, அது பின்தங்கி நிற்கும். உன் வாப்பாவுடையது முழுவதும் பின்தங்கி நின்றது. உன்னுடையதில் பாதி முன்னே போனது, பாதி பின்னே நின்றது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தச் சத்து தாயிடமிருந்து ஒரு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்குமாக வருகிறது. உன் வாப்பாவின் இரண்டு பங்கும் அந்த வேறு வகை. ஆகவே அவருடைய பிள்ளைகள் ஒருவர் தப்பாமல் எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தே ஆகவேண்டும். அதனால் ஒரு தீங்குமில்லை, வாப்பாவே சாட்சி.

உன் கணவரிடம் இருப்பது இன்னொரு குறை. அவருடைய இரத்த அணுக்கள் சிறுத்து வெளிறி இருக்கின்றன. அதுவும் தனியே இருந்தால் ஆளை ஒன்றும் செய்யாது. இந்த இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால்தான் வருத்தம், தீராத நோய். உன் மகன்மாருக்கு அதுதான் நடந்திருக்கிறது. நீயும் அவரும் எதைச் செய்திருந்தாலும் செய்யாமல் விட்டிருந்தாலும் இது மாறியிருக்காது. இந்த வரியைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசி.

சுல்பிகாவுக்குத் தகப்பனின் குறை மட்டும் வந்திருக்கிறது. மசூருக்குக் காக்கா வழியாக உன் வாப்பாவின் வகை வந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வந்திருக்காவிட்டால் பயமில்லை. மசூரை நேரே சோதித்தால் போதும். அவனோடு காக்காவின் இரத்தமும் வேண்டும், நத்தாரின்போது அவர் பொத்துவிலில் மீன் வாங்கப் போயிருந்தார். ஸகியாவின் போத்தல் இங்கே வருமுன் உறைந்துவிட்டது, அவளுடையதையும் மறுபடி அனுப்பு.

உன் தாளை டொக்டருக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் கொழும்பிலேயே வளர்ந்தவர், எங்கள் பக்கத்து வழக்கங்களைச் சொன்னால் குழம்பிப்போவார். ஆகவே தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உன்
இமக்குலேற்

மருதமுனை
21.03.1957

அன்புள்ள இமக்குலேற்றுக்கு,

அந்த வரியை இரண்டு தரமல்ல, இருபது தரம் வாசித்தேன். பிறகு அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தறியை நிறுத்திவிட்டு வெளியே போனார். வந்தபோது முகம் கழுவியிருந்தார். மூத்தவன் போன நாளிலிருந்து எட்டு வருடமாக நான் அவரையும் அவர் என்னையும் மனதுக்குள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அன்றைக்குத்தான் இருவருக்கும் விளங்கியது.

மசூரை நேரே சோதிக்க ஏலாது. மாப்பிள்ளைக்குப் பேசிய பையனிடம் இரத்தம் கேட்டால் பெண்ணில் என்ன குறை என்று ஊர் கேட்கும். பிறகு இவன் இல்லாவிட்டால் சுல்பிகாவைக் கேட்டு ஒருவரும் வர மாட்டார்கள். நீ கொழும்பில் இருந்து இதை மறந்துவிட்டாய். காக்காவிடம் கேட்கலாம், அவர் எங்கள் வீட்டு ஆள்.

கேட்டேன். எதற்கென்று முழுவதும் சொல்லவில்லை, உன் டொக்டர் குடும்பத்தில் எல்லோரையும் பார்க்கிறாராம் என்றேன். கடலில் திருக்கை அடித்தபோதுகூட முகம் சுளிக்காத மனுசன், கல்முனை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஸகியா பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பில் அப்போதிக்கரிக்கே கோபம் வந்துவிட்டது.

இரண்டு போத்தலையும் காக்காவே தன் மீன் லொறியில், ஐஸ் பெட்டிக்குள் பாரைக் குட்டிகளுக்கு நடுவில் வைத்து அனுப்புகிறார். எங்கள் ஊரில் ஐஸ் கிடைக்கிற இடம் அதுதான். நாறினால் மூக்கைப் பொத்திக்கொள்.

நோன்பு வருகிறது. பெருநாளுக்குள் எனக்கு ஒரு முடிவு வேண்டும்.

றுகையா

கொழும்பு
09.04.1957

அன்பின் றுகையா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். வாசித்ததும் நீயும் கிழித்துவிடு.

போத்தல்கள் வந்தன. சோதித்தோம். கணக்கு ஒத்துவரவில்லை. உன் வாப்பாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் அவருடைய வகையில் ஒரு பங்கு இருந்தே ஆகவேண்டும் என்று எழுதினேன் அல்லவா? உன் உடன்பிறந்த ஒருவரிடம் அது இல்லை. துளிகூட இல்லை.

இப்படி எழுதுவதற்கு என்னை மன்னிக்க வேண்டும். உம்மாவுக்கு வாப்பாவுக்கு முன் வேறொரு கலியாணம் நடந்திருந்ததா? இல்லாவிட்டால் வேறு ஏதாவது, நீ அறிந்தது, எனக்குச் சொல்லக்கூடியது? நான் ஒருவரையும் தீர்ப்புச் சொல்லவில்லை. உம்மாவின் கையால் சோறு தின்றவள் நான். இது தெளிவாகாமல் சுல்பிகாவின் காரியத்தில் டொக்டர் வாய் திறக்க மாட்டார், அதனால்தான் கேட்கிறேன்.

இமக்குலேற்

மருதமுனை
08.05.1957

இமக்குலேற்றுக்கு,

நோன்பு மாதத்தில் உன் கடிதம் வந்தது. நோன்போடு கோபத்தில் எழுதக்கூடாது என்று பெருநாள் கழியும்வரை வைத்திருந்தேன். கோபம் ஆறவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

என் உம்மா ஒரு மனுசனைத்தான் கலியாணம் செய்தார். பதின்மூன்று வயதில் செய்து, அந்த மனுசனின் கையாலேயே கடைசித் தண்ணீர் குடித்து மௌத்தானார். அவர் கபுறில் இருக்கிறார், பதில் சொல்ல வரமாட்டார். அவருடைய சோற்றைத் தின்றவள் என்று நீயே எழுதுகிறாய். தின்ற வாயால் கேட்கிற கேள்வியா இது?

உன் ஒரு கடிதம் என்ன செய்தது என்று கேள். உம்மாவின் வயிற்றில் பிறந்து உயிரோடு இருப்பது நானும் ஸகியாவும். என் இரத்தத்தில் வாப்பாவின் பங்கு இருக்கிறது என்று முதலிலேயே எழுதிவிட்டாய். அப்படியானால் இல்லாதது யாரிடம்? மூன்று கிழமையாக நான் ஸகியாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் மூக்கு வாப்பாவின் மூக்கா, அவள் நடை யாருடைய நடை என்று. பெருநாள் அன்றைக்கு அவள் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள், வாங்கித் தின்னாமல் மூடி வைத்தேன். "என்ன ராத்தா, சொகமில்லையா" என்று கேட்டாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். அவளை அப்படிப் பார்க்க வைத்துவிட்டாய்.

கலியாணம் இப்போது இல்லை என்று காக்காவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். நான் எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன். சுல்பிகாவுக்கு உத்தியோக மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்போல. ஊற்றி வைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனவர் எட்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. சுல்பிகா என்னோடு கதைப்பதில்லை.

எங்கள் இரத்தத்தை வெளியே கொட்டிவிட்டுப் போத்தலைக் கழுவிவை.

றுகையா

கொழும்பு
20.05.1957

றுகையா,

கொட்டவில்லை. இந்தக் கடிதத்தையும் நீ வாசிக்காமல் எறிந்துவிடக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஸகியா அல்ல. ஸகியாவின் தாளும் உன்னுடையது மாதிரியே, பாதி முன்னே, பாதி பின்னே. அவள் உன் வாப்பாவின் மகள்தான், அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள். பெயரைச் சொல்லாமல் விட்டது மரியாதை என்று நினைத்தேன். அது கோழைத்தனம். உன் மூன்று கிழமைக்கு நான் என்ன பதில் சொல்வேன்.

பொருந்தாதது சீனிமுகம்மது காக்காவின் போத்தல். இரண்டு தரம் நானே செய்தேன். அவருடைய சிவப்பு முழுவதும் முன்னே போய்விட்டது.

டொக்டரோடு நேற்று வாதாடினேன். காக்காவிடம் இல்லையென்றால் அவர் வழியாக மசூருக்கும் வந்திருக்காது, கலியாணத்தைச் செய்யலாம் என்று எழுதட்டுமா என்றேன். கூடாது என்றார். இரண்டு பங்கும் வேறு வகையான தகப்பனுக்கு இப்படி ஒரு மகன் பிறக்க முடியாது. ஒன்றில் போத்தல் மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் பிறப்பு விபரம் பிழை. போத்தலில் ஒட்டிய பெயர் ஐஸ் தண்ணீரில் ஊறி, பாதி எழுத்து அழிந்துதான் வந்தது. மாறிய போத்தலை நம்பி நீ பெண்ணைக் கொடுத்தால், பிறகு ஒரு பிள்ளை வெளிறத் தொடங்கும்போது நான் எந்த முகத்தோடு கல்முனைக்கு வருவேன்?

டொக்டர் கேட்பது இரண்டில் ஒன்று. காக்காவின் இரத்தம் மறுபடி வேண்டும். அல்லது அவர் உன் வாப்பாவின் மகன் அல்ல என்று குடும்பத்தில் ஒருவர் எழுதித் தரவேண்டும். இரண்டாவதை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். முதலாவதை மட்டும் கேட்கிறேன். காக்காவிடம் இன்னொரு தரம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்.

இமக்குலேற்

மருதமுனை
02.06.1957

அன்புள்ள இமக்குலேற்றுக்கு,

உன் கடிதத்தை வாசித்து முதலில் அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு ஸகியாவின் வீட்டுக்கு ஓடி, மாவிடித்துக்கொண்டிருந்தவளைக் கட்டிப்பிடித்தேன். ராத்தாவுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று அவள் பயந்து போனாள்.

அடி பைத்தியக்காரி, காக்கா உம்மாவின் வயிற்றில் பிறந்தவர் என்று உனக்கு யார் சொன்னது? அவர் உம்மாவிடம் பால் குடித்த பிள்ளை. பக்கத்து வளவில் அவரைப் பெற்றவர் பிரசவத்திலேயே மௌத்தாகிவிட்டார். அதே கிழமை உம்மாவுக்குப் பிறந்த தலைப்பிள்ளையும் தங்கவில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கிவந்து உம்மாவின் மடியில் போட்டார்களாம். அவருடைய தகப்பன் பொத்துவிலில் வேறு கலியாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார். காக்கா எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார். ஊருக்கே தெரிந்த விசயம். யாரும் மறைக்கவில்லை, மார்க்கத்தில் மறைக்கவும் கூடாது. சொல்லவேண்டிய ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்களில் பால் குடித்தவர் உடன்பிறந்தவர்தான். அவர் முன்னால் நான் முக்காடு இழுத்துவிடுவதில்லை. நானோ ஸகியாவோ அவரைக் கட்ட ஏலாது. பிறந்தால் வரும் விலக்கு எல்லாம் பாலிலும் வரும். அவருடைய மகன் என் மகளுக்கு மச்சான் முறை, அது ஆகும்.

நீ கேட்பாய், அது தெரிந்துகொண்டு ஏன் அவர் இரத்தத்தை அனுப்பினாய் என்று. நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை இமக்குலேற். பாலை இரத்தம்போலவே மார்க்கம் வைத்திருக்கும்போது, இந்த வருத்தம் மட்டும் பிரித்துப் பார்க்குமா என்று நினைத்துவிட்டேன். உம்மா கொடுத்த பாலில் வாப்பாவின் பங்கும் இருக்கிறது என்பார்கள், நல்லது போனால் கெட்டதும் போயிருக்கும்தானே என்று நினைத்தேன்.

நீ உடன்பிறந்த ஒருவர் என்று எழுதியபோது காக்கா என் நினைவில் வராததற்கும் காரணம் இருக்கிறது. அவருடைய குடியை முதல் தாளிலேயே எழுதியிருந்தேன். எனக்கும் ஸகியாவுக்கும் வரிசைநாச்சி குடி, அவருக்கு ஓடாவி குடி. ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு குடி வராது என்று எங்கள் கரையில் யாருக்கும் தெரியும். அதைப் பார்த்தும் நீ உம்மாவைப் பற்றிக் கேட்டால், அது ஸகியாவைப் பற்றித்தான் என்று முடிவு செய்தேன். நீ அதைப் பார்க்கவில்லையா?

பிறகு காக்காவின் கடைக்கு ஆளனுப்பி வரச்சொன்னேன். வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தார். உன் எல்லாக் கடிதங்களையும் கையில் கொடுத்தேன். மெதுவாக, எழுத்துக்கூட்டி, எல்லாவற்றையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "இதுக்காகவா புள்ள என்னோட கதைக்காம இரிந்த? நான் வாப்பாட ரெத்தம் இல்லத்தானே. அந்தத் தாள்ல உண்மையத்தானே எழுதியிரிக்கி" என்றார்.

உன் டொக்டர் கேட்டதை எழுதப் பேனை எடுத்தேன். சீனிமுகம்மது என் உடன்பிறந்தவர் அல்ல என்று எழுத வேண்டும். சீனிமுகம்மது என்றதோடு கை நின்றுவிட்டது. என் மகளை வாழவைப்பதும் அந்த வரிதான், அந்த வரியை எழுத ஏலாததும் எனக்குத்தான். காக்கா பேனையை வாங்கித் தானே எழுதினார். அந்தத் தாள் இதோடு வருகிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே.

மசூரிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அவன் அடுத்த நாள் தானாகவே அப்போதிக்கரியிடம் போய்க் கை நீட்டிவிட்டு வந்தான். ஊர் என்ன சொல்லும் என்று நான் பதறினேன். மீன் லொறிக்கு ஐஸ் ஏற்றும்போது ஆணி குத்தியதற்கு மருந்து கட்டப் போனதாகக் காக்கா ஒரு கதை கட்டிவிட்டார். போத்தலை லொறியில் அனுப்புகிறோம். இந்த முறை பெயரை மையால் எழுதி, மேலே மெழுகு பூசியிருக்கிறது.

எழும்பிப் போகும்போது காக்கா வாசலில் நின்று ஒன்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்து நின்றார். "ஒண்ட கூட்டாளிக்கு எழுதிக் கேளு. உம்மாட பாலுல இரிந்து ஒண்டுமே ரெத்தத்துக்குப் போகாதாமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. நீ சொல்.

உன்
றுகையா

கொழும்பு
17.06.1957

அன்பின் றுகையா,

முதலில் நீ கேட்டது. மசூரின் இரத்தம் சுத்தம். உன் வாப்பாவின் வகையும் இல்லை, உன் கணவரின் குறையும் இல்லை. மூன்று தரம் பார்த்தேன், டொக்டரும் பார்த்தார். சுல்பிகாவின் பிள்ளைகளில் யாருக்காவது அவளுடைய குறை வரலாம். அது அவளைப்போலவே அவர்களையும் ஒன்றும் செய்யாது. உன் மகன்மாருக்கு வந்தது அவர்களுக்கு வராது. காவின் எழுது.

இனி என் குற்றம். நீ எழுதிய முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். ஓடாவி குடி என்று அழுத்தமாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பத்தியை நான்தான் முழுவதுமாக விட்டேன். குடி, கோயில் முறை இதெல்லாம் விஞ்ஞானத்துக்கு எதற்கு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், டொக்டர் இது என்ன என்று கேட்டு, நான் விளக்கப்போய், மட்டக்களப்புப் பக்கத்தாள் என்று இங்குள்ளவர்கள் சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டேன். எட்டு வருடமாக இந்த ஆய்வுகூடத்தில் அந்த வெட்கத்தோடு இருக்கிறேன். அந்தப் பத்தி இருந்திருந்தால் உம்மாவைப் பற்றி ஒரு சொல் எழுதியிருக்க மாட்டேன். இப்போது டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இனி உங்கள் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடியைக் கேட்டு எழுது என்றார்.

டொக்டர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம் கீறுவார், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பெற்றவர்களிலிருந்து பிள்ளைகளுக்குக் கோடு. உன் வாப்பாவின் கோட்டிலிருந்து காக்காவின் சதுரத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். கை வரவில்லை, ஆனால் அழித்தேன். அழிக்காவிட்டால் அந்தப் படம் பொய் சொல்லும், அதை நம்பி வேறொரு குடும்பம் பெண் கொடுக்கும்.

காக்கா எழுதிய தாள் இப்போது கோப்பில் இருக்கிறது. "நான் கச்சிமுகம்மது அவர்களின் மகன் இல்லை. அவர்களின் பெண்சாதி என் உம்மா." உன் வாப்பாவின் பெயரைப் போட்டு அவ்வளவுதான் எழுதியிருக்கிறார். டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முதல் வரி போதும், இரண்டாவது எதற்கு என்றார். இரண்டையும் சேர்த்துத்தான் கோப்பில் வைப்பேன் என்றேன். சரி என்றார்.

காக்காவின் கேள்விக்குப் பதில். போகாது. பாலிலிருந்து இரத்தத்தின் இந்தச் சத்துக்கு ஒன்றும் போகாது, எத்தனை வருடம் குடித்தாலும். ஆறுதலுக்காக வேறு ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் இதையும் சேர்த்துச் சொல். நான் வடிதாளில் பார்த்த இரத்தம் நாற்பத்தைந்து வருடம் ஓடிய இரத்தம். அன்றைக்கு அந்தப் பால் கிடைக்காவிட்டால் அது ஒரு கிழமைகூட ஓடியிருக்காது. சோதிக்க மசூர் என்று ஒருவன் இருந்திருக்கவும் மாட்டான்.

உன்
இமக்குலேற்

மருதமுனை
27.07.1957

அன்புள்ள இமக்குலேற்றுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்று நீ அனுப்பிய தந்தி, கலியாணத்துக்கு முதல் நாள் கிடைத்தது. உன் பங்கு வட்டிலப்பத்தை வாப்பா தின்றுவிட்டார். அவரிடம் கேட்டுக்கொள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து பதினோராம் நாள் கலியாணம். காவின் எழுதி முடிந்து மாப்பிள்ளை ஊர்வலம் கல்முனையிலிருந்து வந்தது. காக்கா மாப்பிள்ளையின் வாப்பா அல்லவா, புதுச் சாரமும் தொப்பியுமாக முன்னுக்கு நடந்து வந்தார். எங்கள் வாசலுக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள். மாப்பிள்ளையின் கால் கழுவ மச்சினன் வரவேண்டும். செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன், எடுக்க ஆளில்லை. ஸகியாவின் மூத்தவனை நிறுத்துவதாகப் பேசியிருந்தோம். அவனுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். நான் கதவுக்குப் பின்னால் நின்று என் இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். இருந்திருந்தால் இளையவனுக்கு இப்போது பதினொன்று.

காக்கா கூட்டத்திலிருந்து விலகி, செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் படிக்குள் ஏறினார். செம்பை எடுத்தார். மகனின் காலை வாப்பா கழுவுவதா என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். மசூர் காலைப் பின்னுக்கு இழுத்தான். காக்கா குனிந்தபடியே சொன்னார். "அந்தப் பக்கம் நடந்து வந்தது மாப்பிள்ளட வாப்பா. இது இந்த ஊட்டு ஆள். காலக் குடு மகன்."

தண்ணீர் ஊற்றிக் கழுவி, தன் தோள் துண்டால் துடைத்துவிட்டார். கால் கழுவிய மச்சினனுக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடவேண்டும். சிறுபிள்ளைக்கென்று செய்த வெள்ளி மோதிரம் மசூரின் கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் வாப்பாவின் சுண்டுவிரலில் அதை மாட்டினான். முதல் கணுவைத் தாண்டி இறங்கவில்லை.

உன் பதிலைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன் என்று கலியாணத்துக்கு உன்னை அழைத்த போன கடிதத்தில் எழுத மறந்துவிட்டேன். "போகாது" என்றதும் தலையாட்டினார். மற்றதைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் எனக்குத் தா என்றார். கொடுத்துவிட்டேன். ஆகவே உன் கடிதம் இப்போது என்னிடம் முழுவதாக இல்லை.

கலியாணம் முடிந்து இன்றைக்கு எட்டாம் நாள். சற்று முன்னர்தான் மீன் கொடுத்துவிட்டுப் போனார். மோதிரம் அங்கேயே, கணுவுக்கு மேலே நிற்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாமாம்.

உன்
றுகையா